ஐந்தாம் தரத்தில் பிள்ளை மையக் கல்வி

திங்கள், பெப். 9

காலையில் பனி. வாவி கண்ணுக்குத் தெரியவில்லை, தோணிக்காரர்களின் பேச்சு மட்டும் கேட்டது. தண்ணீர்ப் பம்ப் மறுபடி மக்கர். வாளியால் அள்ளிக் குளிப்பு.

கல்லூரியில் இரண்டாம் வருட ஆசிரிய மாணவர்களுக்குக் கல்வித் தத்துவம், இரண்டு பாடவேளை. இயற்கைவாதம் முடிந்தது. "பிள்ளையின் சுதந்திரமே கல்வியின் தொடக்கம்" என்று நான் சொல்லச் சொல்ல வகுப்பு முழுவதும் குனிந்து எழுதியது. முன்வரிசையில் ஒருத்தி கையை உயர்த்தினாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக யாரோ மறுத்துப் பேசப்போகிறார்கள் என்று பேனையைக் கீழே வைத்தேன்.

"மிஸ், தொடக்கம் எண்டதோட பந்தி முடியுதா?"

முடிகிறது என்றேன். எழுதிக்கொண்டாள்.

அவர்களில் பிழையில்லை. சுதந்திரத்தைப் பற்றிய குறிப்பைச் சொல் பிசகாமல் ஒப்புவித்தால் பரீட்சையில் புள்ளி. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

நாளை கட்டுறுபயில்வு மதிப்பீடு. மூன்றாம் வருடத் தர்ஷிகா, மண்டூருக்கும் அப்பால் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியை. இது இறுதிப் பாடம். தேறினால் நியமனம், தேறாவிட்டால் அடுத்த தொகுதியோடுதான். கூட வருவது கணித விரிவுரையாளர் றிஸ்வான். அவருக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும். நியமனக் கடிதம் கைக்கு வந்தால்தான் கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம்.

வாங்க: மூக்குக்கண்ணாடிக்கு ஆணி, தேங்காய், பற்பசை.

செவ்வாய், பெப். 10

குருமண்வெளித் துறையில் பாதை மறுகரையில் நின்றது. அந்த மிதவை வந்து மோட்டார் சைக்கிள்களை இறக்கும்வரை வெயில். றிஸ்வான் முழு நேரமும் பேச்சு. தலையசைத்தேன். மண்டூரிலிருந்து ஓட்டோ. வட்டை வயல் முழுவதும் நெல் வெட்டும் மெசின்கள், தூசி.

அதிபர் இளநீரோடு வாசலில். வெள்ளை நீளக்கை, பையில் மூன்று பேனை. மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பசுமைக் குழு, மிஸ். செய்துபார்த்துப் படிக்கிறாங்க."

எல்லாப் பாடசாலையிலும் உண்டு. வெளியார் வரும் நாளில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வகுப்பிலிருந்து எடுத்து மரத்தடியில் விடுவார்கள். ஒரு பாடசாலையில் அதற்குப் பெயர் நீர்க் குழு, இன்னொன்றில் ஒழுங்குக் குழு. நான் எங்கும் கேட்டதில்லை. கேட்டால் மதிப்பீட்டை எங்கே செய்வது?

ஐந்தாம் தரத்திலிருந்து மட்டும் யாரும் மரத்தடிக்குப் போகவில்லை. அதிபர் என் காதருகில் குனிந்தார். "அந்த வினுஜாவ வெளிய உடு புள்ள எண்டு நான் ரெண்டுதரம் சொன்னன். கேக்கிறாளில்ல. உங்கட கொலிஜில இதையா படிப்பிக்கிற?"

பாடம்: எங்கள் வாவி. தர்ஷிகாவின் சேலை கசங்காமல், குரல் நடுங்காமல். முதல் பத்து நிமிடம் நல்லது. பிறகு சொல்லட்டைகளைப் பங்கிட்டாள். கடைசி வரிசையில் மெலிந்த ஒரு பெண்பிள்ளை, சட்டையில் ஊசி குத்தியிருந்தது. வினுஜா இவள்தான். அவளுக்குக் கிடைத்தது "இறால்". எழுந்து நின்றாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மீன்?"

வகுப்பே சிரித்தது. "அவளுக்கு வராது மிஸ்!" "எனக்குத் தாங்க மிஸ், நான் வாசிக்கிறன்!" முன்னால் இருந்த ஒருத்தி, "என்னகா, மீனுக்கு இவ்வளவு எழுத்தாகா?" அதற்கு இன்னும் சிரிப்பு. றிஸ்வான்கூடச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

தர்ஷிகா செய்யவேண்டியது சுலபம். "இருங்க மகள்" என்று அட்டையை வாங்கி அடுத்தவளிடம் கொடுப்பது. தர்ஷிகாவோ போய் வினுஜாவின் மேசையருகே முழங்காலில் இருந்துவிட்டாள். முதல் எழுத்தை விரலால் மேசையில் எழுதிக் காட்டினாள். பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதினாள். மறுபடி. மறுபடி. மற்றவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு கதைத்தார்கள், பிறகு தங்களுக்குள் அடிபட்டார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்தது. மணி அடித்தபோது பிள்ளை முதல் எழுத்தைச் சொல்லியிருந்தாள். அதுவும் தர்ஷிகா வாயசைத்த பிறகு.

பார்க்க அழகாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. குழப்பமாகவும் கொஞ்சம் மடத்தனமாகவும் இருந்தது.

பிறகு நூலக அறையில் மூவரும். றிஸ்வான்: "பாடம் எங்க புள்ள போன? வாவியில உழுந்திற்றா?"

தர்ஷிகா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "நீங்கதானே மிஸ் சொல்லித்தந்தீங்க, பின்னுக்கு நிக்கிற பிள்ளையில இருந்துதான் பாடம் தொடங்க வேணும் எண்டு."

"அது எழுதுறதுக்குச் சொன்னது, தர்ஷிகா."

றிஸ்வான் இளநீரை ஊதிக் குடித்தார், ஏதோ சூடான தேநீர் போல.

பாதையில் திரும்பும்போது அவர்: "தேறினதாப் போட்டுடுவமே மிஸ். கலியாணக்காரி. பாவம்."

நான் போடவில்லை. நேர முகாமை பலவீனம். வகுப்புக் கட்டுப்பாடு இல்லை. நோக்கம் அடையப்படவில்லை. மூன்றும் உண்மை. இப்படியே வெளியே போனால் முதல் பாடசாலையிலேயே ஓர் அதிபர் இவளைத் தின்றுவிடுவார். என்னிடம் கற்றுக்கொள்ளட்டும், என்னிடம் செலவு குறைவு. ஒருதரம் மட்டும் அனுமதிக்கப்படும் மீள் மதிப்பீட்டுக்கு எழுதினேன். இரண்டு கிழமை.

இரவு வெறும் பாணும் சம்பலும்.

வெள்ளி, பெப். 13

ஆணி கிடைத்தது, அளவு பெரிது. கண்ணாடி இன்னும் நூலில்.

தர்ஷிகா கல்லூரிக்கு வந்தாள். விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ். அழுத முகம், ஆனால் அழவில்லை. நான் இருக்கச் சொல்லவில்லை. அவளும் இருக்கவில்லை.

"மிஸ், என்னத்தத் திருத்தினா சரிவரும்?"

"நேரம்."

"நேரத்த நான் பார்ப்பன் மிஸ். மறுகா, வினுஜாவ என்ன செய்ய?"

"அது உங்கட வகுப்பு."

"ஒள்ளுப்பம் நாள் தந்தா அவள் வாசிப்பாள் மிஸ். நேற்று ரெண்டெழுத்துச் சொன்னவள்."

"ரெண்டு கிழமையிலயா?"

"ரெண்டு கிழமையில ஏலாது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் ஒரு பழுப்புப் புகை. அப்போதுதான் மெதுவாகக் கேட்டாள். "வெளிய உடவா மிஸ்?"

துடைத்துக்கொண்டே இருந்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. மூன்று வருடத்தில், நான் வாயைத் திறக்காமலே அவள் என்னிடம் கற்ற முதற் பாடம்.

"வாறன் மிஸ்."

மத்தியானம் மீன் கறி நல்லாயிருந்தது. அதைக் குறித்துவைப்பதில் வெட்கமில்லை.

வியாழன், பெப். 19

காலம் தப்பிய மழை. வெட்டாத வயலெல்லாம் சாய்ந்துவிட்டது என்று பஸ்ஸில் ஒருவர் பெருங்குரலில் திட்டிக்கொண்டு வந்தார், வானத்தையா அமைச்சரையா என்று தெரியவில்லை.

இரண்டாம் வருடத்துக்குப் பயன்வாதம். "பிள்ளை செய்து கற்கிறது, கேட்டுக் கற்பதில்லை." கேட்டு எழுதினார்கள். ஒன்றரைப் பக்கம்.

றிஸ்வான் சிற்றுண்டிச்சாலையில்: "அந்த அதிபர் போன் எடுத்தாரு மிஸ். உங்கட புள்ள இப்ப வழிக்கு வந்திற்றாம். மேசையில பிரம்பு வச்சிருக்காம், அடிக்கிறல்லயாம், சும்மா வச்சிருக்காம்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. பருப்பு வடை எண்ணெய்.

புதன், பெப். 25

வெயில் திரும்பிவிட்டது. பாதை உடனே கிடைத்தது.

மீள் மதிப்பீடு. அதே வகுப்பு, அதே வாவி. குறைசொல்ல ஒன்றுமில்லை. பாட்டோடு தொடக்கம், குழுச் செயற்பாடு, அட்டை கொடுக்கக் கொடுக்க வாசிப்பு. இறால், நண்டு, கொக்கு, கண்டல். எல்லா வாயும் திறந்தது. எந்த வாயும் தடுமாறவில்லை. கடைசி வரிசையில் ஒரு கதிரை குறைவு, இடைவெளி தெரியாமல் மேசைகளை நெருக்கியிருந்தாள். அதைக்கூட யோசித்திருக்கிறாள். பிரம்பு மேசையில். மணிக்கு முன்னால் மதிப்பீட்டு வினாக்களும் முடிந்தன. மரத்தடி தெரியும் யன்னல் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

றிஸ்வான்: "மாஷா அல்லாஹ். அண்டைக்கு நாம பார்த்த புள்ளதானா இது?"

மிகச் சிறப்பு என்று எழுதினேன். தகுதியானதுதான்.

நூலக அறையில் தர்ஷிகா தேநீர் தந்தாள். வாழ்த்துச் சொன்னேன். "நன்றி மிஸ். இப்ப விளங்குது" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் இப்போது எதற்கும் பதில் இருக்கிறது.

அதிபர் சோறு சமைப்பித்திருந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் மட்டும் படலையடிக்கு வந்தேன். மரத்தடியில் பசுமைக் குழு. சருகு எல்லாம் முடிந்துபோய், பொறுக்கியதையே கொட்டி மறுபடி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வினுஜா எழுந்து வந்தாள். சட்டையில் அன்றைய ஊசி இல்லை, யாரோ தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"மிஸ், போப்போறீங்களா?"

"ஓம்."

"இப்பவா?"

"ஏன்?"

"நீங்க போனாத்தான் நாங்க உள்ளுக்குப் போகலாமாம். தர்ஷிகா மிஸ் சொன்னவ." கொஞ்சம் நின்றுவிட்டு, "அடுத்த பாடம் சித்திரம் மிஸ்" என்றாள்.

உள்ளே றிஸ்வானுக்கு இரண்டாம் தரம் சோறு போடும் சத்தம். ஓட்டோக்காரனுக்குப் போன் எடுத்தேன். மண்டூரில் நிற்கிறானாம், அரை மணியாகும் என்றான்.

வெயிலில் நின்றேன். அவர்களும் நின்றார்கள். சித்திர மணி அடித்தது.