முக்கோணப் புள்ளி

தை 8, வெள்ளி

பனி. கிணற்றடிக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. ஆற்றுப் பக்கம் தென்னை உச்சிகள் மட்டும், மீதி வெள்ளை.

இந்த நோட்டு யாருக்கும் தெரியாது. குதிருக்குப் பின்னால் வைக்கிறேன். அம்மா பார்த்தால் மண்ணெண்ணெய்க்குத் திட்டுவாள். அக்கா பார்த்தால் சிரிப்பாள். சிரிப்புக்குத்தான் எனக்குப் பயம்.

இன்று:
– இங்கிலீஷ் இலக்கணம், பாதி
– கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் காளியம்மாவுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தது
– அக்காவின் கிராப் தாளில் இருபத்தொரு புள்ளி

அக்கா பிரசவத்துக்கு வந்து பதினெட்டு நாள். கல்கத்தாவில் அவளும் மச்சானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. பெட்டியில் சேலையைவிடக் காகிதம் அதிகம். வயிறு மேசையில் இடிக்கிறது, குனிய முடியவில்லை. அதனால் கட்டிலில் சாய்ந்தபடி அச்சுத்தாளில் எண்களுக்கு அடியில் கோடு போட்டுத் தருகிறாள். நான் புள்ளி வைக்கிறேன்.

"உன்ற கை நடுங்கறதில்ல, அதான் வேணும்" என்றாள்.

நடுங்குகிறது. அவளுக்குத் தெரியாது.

தை 9, சனி

அரை நாள் பள்ளி. கணக்கு வாத்தியார் வரவில்லை. நல்லது.

மருத்துவச்சி வந்தாள். அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தல எறங்கிருச்சு சாமி, இன்னும் பத்து நாளு" என்றாள். பிறகு மேசைமேல் தாளைப் பார்த்தாள். கட்டம், கட்டத்துக்குள் வட்டம், முக்கோணம், பெருக்கல் குறி.

"ஏனுங்கம்மா, பொறக்கறதுக்கு முந்தியே சாதகம் எழுதிப்போட்டீங்களா?"

அம்மா சிரித்து அடுப்படிக்கே ஓடிவிட்டாள். அக்கா சிரித்ததில் வயிறு குலுங்கியது. "ஆமாங்க, இது அயோடினோட சாதகம். இன்னும் பொறக்கல" என்றாள்.

எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன், மறந்துவிடும். கல்கத்தாவில் ஓர் இயந்திரம் கட்டுகிறார்கள். புரோட்டான்களை வட்டமாகச் சுழற்றி வேகமேற்றி வெளியே விடும். டெல்லூரியம் என்ற பொருளின்மேல் மோதவிட்டால் அயோடின் பிறக்கும். சாதாரண அயோடின் அல்ல, கதிர் வீசும் அயோடின். குடித்தால் நேராகக் கழுத்துக் கழலைக்குப் போய் உட்காருமாம், உள்ளே என்ன கோளாறு என்று வெளியிலிருந்தே காட்டுமாம். மருந்து.

ஆனால் இரண்டு வகை பிறக்கும். வேண்டியது ஒன்று, வேண்டாதது ஒன்று. வேண்டியது அரை நாளில் பாதியாகக் கரைந்துவிடும். வேண்டாதது வாரக்கணக்கில் உடம்பிலேயே கிடக்கும். வேகம் கூடினால் வேண்டாததும் கிளம்பிவிடும். எந்த வேகத்தில் கிளம்புகிறது? அதைச் சொல்லத்தான் இந்தத் தாள்: வலப்பக்கம் போகப் போக வேகம், மேலே போகப் போகப் பிறக்கும் அளவு. இயந்திரம் இன்னும் ஓடவில்லை. அதனால் வெளிநாட்டில் அளந்தவர்கள் அச்சிட்டதை எல்லாம் ஒரே தாளில் ஏற்றி, யாரை நம்புவது என்று அக்கா தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வட்டம், ஒன்றுக்குப் பெருக்கல், ஒன்றுக்கு முக்கோணம்.

வியாழக்கிழமை தபாலில் போயாக வேண்டும். மச்சான் இரண்டு கடிதம் போட்டுவிட்டார்.

ராத்திரிக்குப் பச்சைப்பயிறுக் குழம்பு. மூன்று தடவை வாங்கினேன்.

தை 10, ஞாயிறு

வெயில். தலைக்குக் குளித்தேன்.

மத்தியானம் அக்கா தூங்கினாள். நான் முக்கோணங்களை வைத்துக்கொண்டிருந்தேன், வேண்டாத அயோடினுக்கு. எல்லாம் தரையோடு தரையாகப் போகிறது. பிறகு ஒன்று, ஒரே ஒன்று, மேலே போய் நின்றது. வட்டமும் பெருக்கலும் இன்னும் கீழே படுத்திருக்கின்றன. இது மட்டும் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்ற மாதிரி.

தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வரிசை மாறிப் படித்திருப்பேன். கிராப் தாள் மதராசிலிருந்து வந்தது, மொத்தம் நாலே தாள், இதற்கு மேல் ஒன்றுதான் மிச்சம்.

அப்பாவின் சவரப் பிளேடை எடுத்து மெல்லச் சுரண்டினேன். மசி போய்விட்டது. மற்ற முக்கோணங்கள் போகிற வழியில், இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று வைத்தேன். அழகாக இருந்தது.

அச்சுத்தாளைத் திரும்பப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

தை 11, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் அக்கா தாளைத் தூக்கி அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரும்மா, மூணு ஊர்க்காரங்களும் ஒரே பேச்சு பேசறாங்க. இவ கைவேலை."

"எனக்கென்ன தெரியுது. கோலமாட்டம் இருக்குது" என்றாள் அம்மா.

அக்கா கோடு வரைந்துவிட்டாள். இந்த வேகம் வரைக்கும் போகலாம், வேண்டாதது வராது என்று ஓர் அம்புக்குறி. எனக்கு ஒரு கச்சாயம் கூடுதலாகக் கிடைத்தது. தின்றேன். அக்கா பக்கம் பார்க்காமல் தின்றேன்.

விளக்கு வைக்கும் நேரம், அவள் கொல்லைப்பக்கம் போனபோது அச்சுத்தாளை எடுத்துப் பார்த்தேன். வரிசை மாறவில்லை. முதலில் வைத்ததுதான் சரி. அந்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். மேலே. தனியாக.

தை 12, செவ்வாய்

பள்ளியில் ஒன்றும் ஏறவில்லை. பூகோளத்தில் கிருஷ்ணா எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டதற்குக் குடகு என்றேன். வகுப்பே சிரித்தது. பெண்கள் நாங்கள் மூன்று பேர், அவர்களும் சிரித்தார்கள்.

கொடிக்காலில் காளியம்மா வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்துக் கழலை போன வருசத்தைவிடப் பெரிது. மேல்சீலையால் மூடிக்கொள்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அம்மிணி, என்ற கழுத்துல பவுனா தொங்குது? அப்பிடிப் பாக்கற?"

"இல்லீங்கக்கா."

"பவுனா இருந்தா உனக்குத்தான் தாரேன், போ."

சிரிக்கிறாள். இவளைப்போல ஒருத்திக்குத்தானே அந்த மருந்து. அம்புக்குறி தப்பான இடத்தில் இருந்தால் வேண்டாதது அவள் உடம்புக்குள் போய் உட்காரும். வாரக்கணக்கில். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

சொன்னால்: அக்கா இனித் தாளைத் தொடவிட மாட்டாள். பிரசவ நேரத்தில் அழுவாள். அம்மா என்னை அடிப்பாள்.

சொல்லாவிட்டால்: ஒன்றும் நடக்காது. இங்கே.

நாளை மறுநாள் தபால்.

தை 13, புதன்

சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன் என்று எழுதவே இவ்வளவு நேரம். விரல் விறைத்திருக்கிறது.

பள்ளிக்குப் போகவில்லை, வயிற்றுவலி என்றேன். அது பாதி நிசம். அக்கா கட்டிலில் கால் நீட்டி, விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னடி, மரத்துக்கு முட்டுக் குடுத்தாப்புல நிக்கற?"

"அக்கா, ஒரு புள்ளிய நகத்திட்டேன்."

தேய்ப்பது நின்றது.

"எந்தப் புள்ளி?"

காட்டினேன். அவள் திட்டவில்லை. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுரண்டின இடம் மெலிந்து, வெயில் அந்த வழியாகவே வந்தது. நான் மறைத்தது எவ்வளவு நன்றாகத் தெரிகிறது.

"ஏன் நகத்தின?"

"அசிங்கமா இருந்துச்சு. நான்தான் தப்புன்னு நெனச்சேன்."

"திரும்பப் பாக்கலையா?"

"பயமா இருந்துச்சு."

தாளை மடியில் இறக்கினாள். வெளியே அப்பா மாட்டை அதட்டுவது கேட்டது. பிறகு, "அந்த முக்கோணத்துக்காரங்க தாளை எடு" என்றாள். எடுத்தேன். எண்களை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். அப்புறம் வட்டம். அப்புறம் பெருக்கல். முகம் சிவந்தது. என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

"அட கெரகமே. நானும் இதைப் படிக்காம உட்டுட்டனே."

விசயம் இதுதான். டெல்லூரியத் தகட்டில் புரோட்டான் மோதி முடிந்ததும், கதிர் எவ்வளவு வருகிறது என்று கருவி வைத்து எண்ணுவார்கள். வட்டத்துக்காரர்களும் பெருக்கல்காரர்களும் ஒரே நாள் எண்ணியிருக்கிறார்கள். அன்றைக்கு வேண்டிய அயோடின் பெரும் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் கொஞ்சமாய் இருக்கிற வேண்டாதது கேட்காது. முக்கோணத்துக்காரர்கள் மூன்று வாரம் எண்ணியிருக்கிறார்கள். வேண்டியது எல்லாம் கரைந்து அடங்கியபிறகு, மிச்சம் நின்றது தெரிந்திருக்கிறது.

"மத்தவங்க எண்ணிப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க. இவங்க உக்காந்திருக்காங்க" என்றாள் அக்கா. "எல்லாரும் ஒண்ணாச் சொன்னா மெய்யின்னு நானும் நெனச்சுட்டேன், பாரு."

அப்புறம்தான் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். கழுதை, மூளையை வெத்தலக் கூடையில போட்டுட்டு வந்தயா, எல்லாம். அம்மா ஓடிவந்து, "மாசமா இருக்கறவள ஏண்டி கத்த உடற?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கென்று கேட்கவே இல்லை. அழுதேன். அழுததும் பசித்தது. கம்மஞ்சோறும் மோரும்.

சாயங்காலம் புதுத் தாள். இருந்த நாலில் கடைசி. எல்லாப் புள்ளியும் முதலிலிருந்து. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு, வயிற்றில் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எண்ணைச் சத்தமாகப் படித்து, வைத்து, மறுபடி சத்தமாகப் படித்தேன். அறுபத்து மூன்று புள்ளி.

அம்புக்குறி வெகுதூரம் இடதுபக்கம் வந்துவிட்டது. வேகம் குறைத்தால் வேண்டியதும் குறைவாகத்தான் பிறக்குமாம். "மச்சான் மொணங்குவாரு. மொணங்கட்டும்."

முக்கோணத்துக்கு மேலும் கீழும் நீளமாக வால் வரைந்தாள். அவ்வளவு வரை தப்பாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினாள்: இங்கே உறுதியாகத் தெரியாது, இயந்திரம் ஓடியதும் முதலில் இதை நாமே அளக்க வேண்டும். தெரியாது என்று எழுதித் தபாலில் அனுப்பலாம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். தாளின் மூலையில் புள்ளி வைத்தவர் பெயர் போடுவது அங்கே வழக்கமாம்.

"வேண்டாங்கக்கா."

"போடு. தப்பா இருந்தா யாரைக் கேக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்ல?"

போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

தை 14, வியாழன்

பனி இல்லை. அப்பா வண்டி கட்டி வேலூர் போஸ்டாபீசுக்குப் போனார். ரிஜிஸ்தர். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை மூட்டையைப் பின்னால் போட்டிருந்தார்.

"மாத்திப்போடாதீங்க. கல்கத்தாக்காரன் வெத்தலய மென்னுட்டு ஒக்காந்துக்குவான்" என்றாள் அம்மா.

பள்ளிக்குப் போனேன். கிருஷ்ணா மகாபலேசுவரத்தில் உற்பத்தியாகிறது. யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன். வாத்தியார் மேலும் கீழும் பார்த்தார்.

தை 16, சனி

அக்காவுக்கு நெல்லிக்காய் வேண்டுமாம். இரண்டு மரம் ஏறினேன். பாவாடை கிழிந்தது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

காளியம்மாவிடம் கல்கத்தா மருந்தைப் பற்றிச் சொன்னேன். "அது எப்ப வரும்?" என்றாள். தெரியாது என்றேன். "வரும்போது சொல்லு, குளிச்சுப்போட்டு வாரேன்" என்றாள்.

தை 18, திங்கள்

காற்று. வாழையிலை எல்லாம் கிழிந்து தொங்குகிறது. மருத்துவச்சி வந்து, இன்னும் மூன்று நாள் என்றாள்.

அக்கா பெட்டியின் அடியிலிருந்து இன்னோர் அச்சுத்தாள் எடுத்தாள். அயோடின் இல்லை, இரும்பு. இரத்தம் பற்றித் தெரிந்துகொள்ள. கிராப் தாள் தீர்ந்துவிட்டதால் என் கணக்கு நோட்டிலேயே கட்டம் போட்டோம். கோடு போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள், வாய் திறந்தபடி.

பதினான்கு புள்ளி. பதின்மூன்று சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று மட்டும் சேராமல் விலகி நிற்கிறது. அச்சுத்தாளைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். விரலை வரிசையில் வைத்து மூன்றாம் தடவையும் பார்த்தேன்.

அப்படித்தான் இருக்கிறது. வைத்தேன். கண்றாவியாக இருக்கிறது. அக்காவை எழுப்பவில்லை, எழுந்ததும் அவளே பார்க்கட்டும்.