வெட்டுக்கோட்டுக்கு உள்ளே

நாகலூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள ஜெசிந்தா அக்கா,

நலமா? ஹரிஹரன் மாமா நலமா? இங்கே ஓயாத மூடுபனி. துணி ஒன்றும் காயவில்லை. நம் கோயில் நூற்றாண்டு மலர் உன் சேலம் அச்சகத்தில்தான் என்று ஃபாதர் சொன்னதும் துள்ளினேன். நம் குடும்பப் பக்கத்தைப் பள்ளிக் கணினியில் நானே வடிவமைத்தேன். எஸ்டேட் குடோன் முன்னால் நாம் நால்வரும் நிற்கும் படம். நூலளவு இடமும் வீணாகாமல் தாளின் ஓரம்வரை நிரப்பியிருக்கிறேன். பென்டிரைவைச் சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா உன் பெயரை எடுப்பதில்லை. ஆனாலும் நீ எழுது.

உன் ஈவ்லின்

சேலம்
6 நவம்பர்

ஈவி கண்ணு,

பக்கம் அழகு. ஆனால் இப்படியே அச்சுக்குப் போகாது. திரைக்கான வண்ணத்தில் வைத்திருக்கிறாய். அச்சின் நான்கு வண்ணத்துக்கு மாற்று, இல்லையென்றால் பச்சை மங்கிவிடும். உன் ஃபான்ட் எங்கள் கணினியில் இல்லை, எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. எழுத்துகளை கர்வ் செய்து, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுருவங்களாக மாற்றி, அனுப்பு.

அச்சடித்த பிறகு தாளின் ஓரங்களை மெஷினில் வெட்டுவோம். அதனால் படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் நீள வேண்டும். முகங்கள் கோட்டுக்கு நன்றாக உள்ளே இருக்க வேண்டும். உன் பக்கத்தில் இடது ஓரத்தில் நிற்பது நான். கத்தி என் முகத்தில்தான் இறங்கும்.

அப்பா சொல்லித்தான் இப்படி வைத்தாயா? மறைக்காமல் எழுது. அப்படியென்றால் என்னை முழுதாகவே எடுத்துவிடு. பாதி முகம் வேண்டாம்.

அக்கா

நாகலூர்
9 நவம்பர்

அக்கா,

சத்தியமாக இல்லை! தாளை வெட்டுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்து அழுதுகொண்டிருந்தேன். அப்பா வாங்கிப் படித்தார். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தார். பிறகு, "ஏங் கண்ணு, அந்தப் போட்டோவப் பொட்டியில தேடிக் குடுத்தது நாந்தான்னு அவளுக்கு எழுதலியா?" என்றார்.

"நீங்கதானுங்கப்பா சொல்ல வேண்டாம்னீங்க."

என் ஸ்கேலை வாங்கி, மூன்று மில்லிமீட்டரில் நகத்தை வைத்துப் பார்த்தார். "அவ பக்கம் நொம்ப எடம் உடு சாமி. எம்பக்கம் வேணும்னா வெட்டுப்படட்டும்."

"உங்க தொப்பைய எந்த மெஷினுங்க வெட்டும்?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். அப்பாவே சிரித்துவிட்டார்.

யாரையும் வெட்டவில்லை. முதலில் நான் வெட்டி ஒதுக்கியிருந்த போட்டோவின் ஓரங்களையும் சேர்த்து முழுப் படத்தையும் வைத்தேன்; சுற்றிலும் காப்பிச் செடிகள். வண்ணத்தை மாற்றினேன், கர்வும் செய்தேன். அச்சான மலர்ப் புத்தகக் கட்டுகளை லாரியில் போடாமல் நீயும் மாமாவும் எடுத்து வர வேண்டுமாம். அப்பா சொன்னது. இதைச் சொல்லச் சொன்னார்.

ஈவ்லின்

சேலம்
13 நவம்பர்

ஈவி,

ஒரு தாள் அடித்து நானே வெட்டிப் பார்த்தேன். நால்வரும் இருக்கிறோம். பச்சையும் பச்சையாகவே இருக்கிறது. சனிக்கிழமை குப்பனூர் வழி பஸ்ஸில் வருகிறோம். மாமா இப்போதே சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்.

வெட்டி விழுந்த துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டு. அதில் காப்பி இலை மட்டும்தான்.

அக்கா