மயில் தீர்த்தமும் உன் பாதிப் பேச்சும்

யாரையும் திட்டத் தெரியாமலே போய்விட்ட என் பெரியக்காவுக்கு,

உனக்கும் சேர்த்து நான்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்தவரை அது எனக்குப் பாதி நேர வேலையாக இருந்தது. "விடுடீ சரளா, அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். இப்போது அடைக்க ஆளில்லாமல் முழு நேர வேலையாகிவிட்டது.

நம் ஊர்க் குளம் பச்சையாகிவிட்டது அக்கா. வழக்கமான பச்சை இல்லை. நடுவில் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது மாதிரி கெட்டிப் பச்சை, கரையில் காய்ந்து ஒட்டிய இடத்திலெல்லாம் பளபளவென்று நீலம். சாகிற பாசி தன் நீலச் சாயத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சாகும் என்று நீ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. நீயாக இருந்தால் கையுறையை மாட்டிக்கொண்டு, பாட்டிலோடு கரையில் குந்தியிருப்பாய்.

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முருகன் மயிலேறி வந்து, தோகையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போனானாம். திருத்தணி மலைமேல் அவ்வளவு பெரிய கோயிலை வைத்துக்கொண்டு, யூரியாவும் ஷாம்பு பாக்கெட்டும் மிதக்கிற நம் குளத்துக்கு அவன் ஏன் வரவேண்டும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிலத்திலிருந்து வழிகிற உரம், குளக்கரைக் கோயிலில் ஊற்றுகிற அபிஷேகப் பால், துவைக்கிற சோப்பு என்று ஊரே கூடி அந்தப் பாசிக்குச் சோறு போட்டது. வெயிலும் இந்த வருஷம் கொளுத்தியது. வளர்த்துவிட்டு, வளர்ந்ததைக் கும்பிடுகிறார்கள்.

சித்தப்பா மகன் ஏழுமலை உனக்கு மறந்திருக்காது. முதலில் பிளாட் விற்றான், அப்புறம் கேன் தண்ணீர் விற்றான். இப்போது அதே வண்டியில் 'மயில் தீர்த்தம்' விற்கிறான். ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் கீழே தெலுங்கில் 'நெமலி தீர்த்தம்' என்றும் போட்டிருக்கிறான், மொழிக்கு மொழி பாகுபாடு பார்க்காத மகான். கல்லீரல், சர்க்கரை, பிள்ளை இல்லாக் குறை, கோர்ட் கேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில்தான். அவன் தாகத்துக்குக் குடிப்பது மட்டும் கடையில் வாங்கின சோடா, என் கண்ணால் பார்த்தேன்.

குளக்கரையில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறான். மேலே முருகன், நடுவில் முருகனைவிடப் பெரிதாக ஏழுமலை, ஓரத்தில் நீ. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு எடுத்த உன் படத்தை எங்கிருந்தோ பிடித்துவிட்டான். உன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'பாசி ஆராய்ச்சி டாக்டர் அம்மா சொன்னது: நாம இழுக்குற ஒவ்வொரு மூச்சும் பாசி போட்ட பிச்சை.'

நீ சொன்னதுதான். ஸ்கூல் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டபோது சொன்னாய். பூமியில் காற்றே நமக்கு ஆகாததாக இருந்த காலத்தில் இந்த நீலப்பச்சைப் பாசிதான் வெயிலைத் தின்று பிராணவாயுவை வெளியே விட்டது, அது இல்லையென்றால் நாம் யாரும் இல்லை என்று விளக்கினாய். அதற்கப்புறம், "ஆனா அதே குடும்பத்துல கொலைகாரனும் கீறான், பேர் தெரியாத பாசியக் கிட்ட சேக்காதீங்க" என்றும் சொன்னாய். முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன் ஏழுமலை. 'ஆனா'வுக்கு முன்னால் கத்தரித்தவனும் அவனேதான்.

இதோடு போயிருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருப்பேன். தம்பி அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான் அக்கா.

முரளிக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது. நீ போன துக்கத்தில் குடிக்க ஆரம்பித்தவன், இப்போது அடியோடு விட்டுவிட்டான், வீக்கம்தான் அவனை விடவில்லை. திருத்தணியில் என் லேபில் அவன் ரத்தத்தை நான்தான் எடுக்கிறேன், நான்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுக்கும்போது என் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டிருந்தான். சரி, நடக்கட்டும், மனசுக்கு ஒரு பிடிப்பு என்று விட்டேன். காவடியோடு தீர்த்தமும் சேர்ந்துகொண்டது எனக்குத் தெரியாது.

தெரிந்த அன்று போய் அவனை நன்றாகக் கேட்டேன். அவன் பதில் என்ன தெரியுமா?

"காய்ச்சித்தான் குடிச்சிகினு இருக்கேன் சின்னக்கா. எல்லாத்தையும் காய்ச்சிக் குடின்னு நீதான சொன்ன?"

"காய்ச்சினா அந்த வெஷம் போவாதுடா. பாசி வெடிச்சி, உள்ள இருக்கிறதும் தண்ணில எறங்கிடும்."

"பாசி நல்லதுன்னு பெரியக்காவே சொல்லிச்சி. அதவிட நீ படிச்சிட்டியா?"

உன்னை வைத்தே என் வாயை அடைத்தான். அவனை முட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

நானும் சும்மா இருக்கவில்லை. உன்னிடம் படித்த கீதாவுக்குச் சென்னைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். எல்லாப் பச்சைக் குளமும் விஷமில்லை, சோதிக்காமல் சொல்லக்கூடாது என்பதை உன்னிடம் கற்றவள்தானே அவள், சோதித்துவிட்டுத்தான் போன் செய்தாள். "வெஷம் இருக்குங்க. கல்லீரலத் தாக்குற ரகம். மேடம் இருந்தா இத வச்சே ஒரு பேப்பர் போட்டிருப்பாங்க" என்றாள். பேப்பர் போட்டால் முரளி பிழைத்துக்கொள்வானா என்று கேட்க வாய் வந்தது. நல்ல பெண், விட்டுவிட்டேன்.

அடுத்து ஆபீஸ். யார் ஆபீஸ், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் உனக்கு வேண்டாம், எல்லாம் ஒரே நாற்காலிதான். கீதாவின் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார் அந்தப் பெரிய மனிதர்.

"சாமி விஷயம்மா. கிருத்திகை முடியட்டும். ஒரு நல்ல மழ பேஞ்சா தானா சரியாயிடும்."

மழை பெய்தால் அலசிக்கொண்டு போகும் என்பது உண்மைதான். தெரியாமல் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நடுவில் ஒரு மயில் செத்துப்போனது. நிஜ மயில், கடலைக் கொல்லையில் மேய்ந்து நம் நைனாவிடம் கல்லடி வாங்குமே அந்த ஜாதி. குளக்கரையில் கிடந்தது. எதனால் செத்தது என்று நான் சொல்லமாட்டேன், ஆதாரம் எங்கே என்று நீ கேட்பாய். கொல்லையில் அடித்த மருந்தாகக்கூட இருக்கலாம். ஆனால் செத்த மயிலைப் பார்த்தாவது ஒருத்தர் தண்ணீரிலிருந்து காலை வெளியே எடுப்பார் என்று நினைத்தேன். மாலை வாங்கி வந்து போட்டார்கள் அக்கா. வாகனத்துக்கு மோட்சம் கிடைத்துவிட்டதாம். வனத்துறைக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை ஏழுமலை அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அன்று பாட்டில் நன்றாக விற்றது.

உன் பாசியைப் பற்றி நல்ல செய்தியும் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடலில் ஒரு சின்னப் பாசிக்குள்ளே குடியிருந்த நீலப்பச்சை உயிரி ஒன்று, குடியிருந்து குடியிருந்து அதன் உறுப்பாகவே மாறிவிட்டதாம். காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்து வீட்டுக்காரருக்கே ஊட்டுகிறதாம். மணலோடு பாசியை வளர்த்துக் கட்டடக் கல் செய்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ஒன்றை அதிலிருந்து எடுக்க முயல்கிறார்கள். வெளிச்சத்தில் வைத்த பாசியால் கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன சிப்பையே ஓட்டியிருக்கிறார்கள். பாலைவன மண் பறக்காமல் பிடித்து வைக்கவும் இதைத்தான் தூவிப் பார்க்கிறார்கள். நீ படித்திருந்தால் அர்த்த ராத்திரியில் போன் போட்டு எழுப்பியிருப்பாய், நான் கொட்டாவி விட்டுக்கொண்டே ஆங் ஆங் என்றிருப்பேன். ஏழுமலை படித்தால் பாசியில் வீடு கட்டித் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கிவிடுவான்.

மணவூர்ப் பக்கம் நெல் வயலில் நீ பிடித்த பாசியும் உயிரோடுதான் இருக்கிறது. காலேஜில் கொட்டப் போனார்கள், கீதா ஒரு குடுவையில் எடுத்துவந்து கொடுத்தாள். லேப் ஜன்னலில் வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது யாருடைய சாம்பிள் என்று பயந்துபோய்க் கேட்கிறார்கள். முரளி அதற்குப் 'பெரியக்கா தண்ணி' என்று பேர் வைத்திருக்கிறான்.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில், கீதா அனுப்பிய ரிப்போர்ட்டோடு மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். ஒழுங்காகப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சொம்பிலிருந்து தீர்த்தத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு டம்ளரை எடுத்து நானும் ஊற்றிக்கொண்டேன். காய்ச்சி வடிகட்டிய தெளிந்த தண்ணீர்தான், லேசாக மண் வாடை. வாய்ப் பக்கம் கொண்டுபோனேன்.

தட்டிவிட்டான். டம்ளர் உருண்டு சுவரோரம் போய் நின்றது.

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே?"

"நல்ல தண்ணிதான? குடிச்சா இன்னா?"

அவன் தன் டம்ளரைக் கீழே வைத்தான். தரையில் பரவியிருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"டாக்டர் ஒவ்வொரு தபாவும் பாக்கலாம், பாக்கலாம்னு சொல்றாரு. நீ ரிப்போர்ட்டக் குடுத்துட்டு அந்தாண்ட திரும்பிக்கிற. ஏழுமல ஒருத்தன்தான் சின்னக்கா சரியாயிடும்னு சொன்னான்."

ஊரையே வாயால் வறுத்தெடுப்பவள் நான். குனிந்து, உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

அப்புறம் அவனே சொன்னான்: "ஒரு அக்காவத் தூக்கிகினு போயி எரிச்சிட்டு வந்தேன். இன்னொரு தபா என்னால ஆவாது."

நிஜமாகவே குடித்திருப்பேனா என்று என்னைக் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் லேபுக்கு வந்தான். அக்குளில் ஏதோ சுருட்டி வைத்திருந்தான். விரித்தால் நீ. ஃபிளெக்ஸிலிருந்து உன்னை மட்டும் சதுரமாக, ஓரம் பிசிறாமல் பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கீழே இருந்த பாதிப் பேச்சையும் சேர்த்து அறுத்துவிட்டான். இப்போது ஏழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை, அதன் வழியாகப் பார்த்தால் பச்சைக் குளம் தெரிகிறது. குடும்ப மானம் போச்சு என்று ஏழுமலை தெருவில் நின்று கத்தினான். எந்த மானம், எப்போது இருந்தது என்று அவனிடம் கேட்டேன்.

கிருத்திகை அன்று விடிவதற்கு முன்பே மாலையும் காவி வேட்டியுமாக முரளி அந்த ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீர். காவடியோடு வந்தவர்களிடமெல்லாம், "கொளத்துல எறங்காதீங்கண்ணா, இந்தத் தண்ணி குடிங்க. எங்க பெரியக்கா முழுசா சொன்னது இன்னான்னா" என்று தொடங்கி, 'ஆனா'வுக்கு அப்புறம் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிக் காவடி போனபிறகுதான் தன் காவடியை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தான்.

ஊர் திருந்திவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். கொஞ்சம் பேர் கேட்டார்கள். நிறையப் பேர் அவனைத் தாண்டிப் போய் முழுக்குப் போட்டார்கள். ஏழுமலை வண்டியைப் புளியமரத்துப் பக்கம் தள்ளி நிறுத்திக்கொண்டு விற்றான். முரளியின் ரிப்போர்ட்டும் இன்னும் நன்றாக இல்லை, மோசமாகவும் போகவில்லை. இந்தத் தடவை கொடுக்கும்போது முகத்தைத் திருப்பவில்லை. சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. கூட இருப்பேன்டா என்று சொன்னேன். ஆங் என்றான்.

உன் படத்தை ஜன்னலில் குடுவைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். குடுவைத் தண்ணீரைத் தவறாமல் மாற்றுவேன், நீ பிடித்த பாசி சாகாது. உன் பேச்சில் அந்த 'ஆனா'வை இனி ஒருவனும் அறுக்கவிடமாட்டேன். தம்பியை மட்டும் முட்டாள் என்று சொல்லாமலிருக்கப் பார்க்கிறேன். மற்றவர்களைத் திட்டுவதை நிறுத்துவேன் என்று எதிர்பார்க்காதே.

உன் தங்கை,
முரளிக்கு மிச்சமிருக்கிற அக்கா,
சரளா