உன் கேள்வியை மாப்பிள்ளையிடம் கேட்டாள்

சேசு மரி சூசை துணை

தலத்தெரு, காரைக்கால்
12-2-1983

அன்பு மகள் கொலெத்துக்கு அம்மா மார்கெரித் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், மெட்ராசில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன், நம்புகிறேனே தவிர நிச்சயமில்லை, கிறிஸ்துமசுக்கு வந்தபோது உன் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியதை நானும் பார்த்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, சினிமா என்றால் நடக்கிறார், ரேஷன் கடை என்றால்தான் வலிக்கிறது. கொல்லையில் நின்ற முருங்கை போன மாதக் காற்றில் சாய்ந்து பக்கத்து வீட்டுச் சுவர் மேல் படுத்துவிட்டது, அவர்கள் காயைப் பறித்துக்கொண்டு கிளையை மட்டும் நம் பக்கம் தள்ளுகிறார்கள், நான் இன்னும் சண்டைக்குப் போகவில்லை, நேரம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

உங்கள் சைக்காலஜி டிபார்ட்மெண்டில் ஆளுக்குக் கொஞ்சம் பிள்ளைகளாகப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் படிப்புக்கும் மேல்படிப்புக்கும் வேலைக்கும் நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் நம் ஊர் ழனின் உன் பங்குக்கு வந்தாள் என்று நீ சொன்னபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பதில் சொல்லச் சொல்லிப் போன வாரம் அவள் அப்பா ஓகுஸ்தேன் நம் வாசலில் வந்து நின்றார். அவரைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை, பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இந்தோசீனா வரை போய்விட்டு வந்து, பெண்டாட்டி செத்த பிறகு அந்த ஒற்றைப் பெண்ணைப் பட்டாளம் நடத்துகிற மாதிரி வளர்த்த மனிதர். அவரைத் தெருமுனையில் பார்த்த உடனே உன் அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "என்ன மதாம், உங்க பொண்ணு காலேஜுல பாடம் நடத்துதா, இல்ல அப்பன எதுத்துப் பேச டிரெய்னிங் குடுக்குதா? எது சொன்னாலும் மிஸ் சொன்னாங்க, மிஸ் சொன்னாங்கங்குது" என்று ஒரே சத்தம். விஷயம் இதுதான், கோட்டுச்சேரி காண்ட்ராக்டர் அற்புதராஜ் தன் மகன் பிலோமின்ராஜுக்கு ழனினைக் கேட்டிருக்கிறார், கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் பிரான்சுக்குப் போவதாகப் பேச்சு, வருகிற புதன் விபூதித் திருநாள், தவக்காலம் வந்துவிட்டால் ஒன்றும் பேச முடியாது, அதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று அவசரம். அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்ததாக உன்னிடம் லீவு கேட்டு அழுதுகொண்டே புறப்பட்டாளே, அந்த உடம்பு மோசமான அப்பா அவள் வந்து இறங்கும்போது வவ்வால் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன். அரை டம்ளர் காப்பிக்கு அப்புறம் குரலை இறக்கி, "ஏன் மதாம், இந்தச் சைக்காலஜி படிச்சவங்க ஆளப் பாத்தே மனசில இருக்கறதச் சொல்லிடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். நீ எத்தனை தடவை அப்படியெல்லாம் கிடையாது அம்மா, அது ஜோசியம் இல்லை என்று எனக்குச் சொல்லியிருக்கிறாய், எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு. "பின்ன, கிறிஸ்துமஸ் பூசையில உங்களப் பாத்துட்டு வந்து கொலெத் எல்லாத்தையும் சொல்லுச்சே" என்றேன். மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என்ன சொல்லுச்சு என்று கேட்டார். "அத எப்படிங்க நான் சொல்றது, உங்க மனசில இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நான் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன். பெண் பார்க்க வருகிற அன்று வீட்டில் மூத்த பெண்பிள்ளை யாரும் இல்லை, நீங்கள்தான் வந்து கேசரி கிண்டி முன்னே நிற்க வேண்டும் என்று கேட்டார், வருகிறேன், ஆனால் பிள்ளைகள் இரண்டும் தனியாக நாலு வார்த்தை பேச விட வேண்டும் என்றேன். சரி என்று உடனே தலையாட்டிவிட்டார். உன் படிப்பு நம் வீட்டுக்கு இதுவரை செய்த பெரிய உபகாரம் இதுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே ழனின் ஓடி வந்தாள். அவள் என்னை அத்தை என்று கூப்பிட மாட்டாள், அவள் அப்பா சொல்லிக் கொடுத்தபடி தாந்த் தான். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் தாந்த் என்றாள். நானும் குரலைத் தாழ்த்தி, யாரு பையன், நம்ம சாதி சனமா, வேலையில இருக்கானா என்று ஆசையாக விசாரித்தேன். அப்படி யாரும் இல்லையாம். நிஜமாகவே ஒருத்தனும் இல்லையாம். எனக்குச் சப்பென்று போய்விட்டது, ஒரு காதலுக்கு ஒத்தாசை செய்கிற யோகம் இந்த வயசிலும் எனக்கு இல்லை. மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை என்று அழுதவளிடம், உங்கள் மிஸ் உங்களிடம் என்ன பேசுவாள் என்று கேட்டேன். நீ ஒவ்வொரு பிள்ளையையும் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகளைச் சொன்னாள். அதையே அவனிடம் கேளு என்றேன். அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஓகுஸ்தேன் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அற்புதராஜ் வெள்ளை வேட்டி, கழுத்தில் பெரிய சங்கிலி, பேசும்போதெல்லாம் ரோடு போடுகிற ஆளை மிரட்டுகிற குரல். பையன் பரவாயில்லை, மூக்கும் முழியுமாக இருந்தான், ஆனால் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சே விட்டான். பேச்சுப்படி பிள்ளைகள் இரண்டும் முன்கூடத்து ஜன்னல் ஓரம் நின்றார்கள், பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள், நான் கேசரித் தட்டோடு நடுக்கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, கேசரி ஆறட்டும் என்று நின்றேன். ழனின் பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில், "யாரும் உங்கள ஒண்ணும் சொல்லலன்னா, காலைல எந்த வேலைக்கு நீங்களா எழுந்திரிச்சுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டாள். பாவம் அந்தப் பையன், சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்கத் தயாராக வந்தவன், கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான், ஜன்னலைப் பார்த்தான், அப்புறம் "ஐஸுங்க" என்றான். அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. "ஐஸ் கட்டிங்க. நாகப்பட்டினத்துல ஐஸ் பேக்டரில கொஞ்ச நாள் நின்னேன். இங்க கோட்டுச்சேரிமேட்டுல வலை வந்து இறங்குறப்ப ஐஸ் இல்லாம எத்தன மீனு கெட்டுப் போவுது தெரியுங்களா? ஒண்ணு இங்க போட்டோம்னு வைங்க" என்று ஆரம்பித்தான் பார், கொலெத், அதுவரை பொம்மை மாதிரி நின்ற பையனுக்கு எங்கிருந்துதான் அத்தனை பேச்சு வந்ததோ, உப்புத் தண்ணீர், தகர அச்சு, மோட்டார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான், கட்டி உடையாமல் அச்சிலிருந்து எப்படிக் கவிழ்ப்பது என்று ஜன்னல் பலகையைத் தட்டிக் காட்டினான். ழனினும் பெண் பார்க்க வந்தவன் என்பதையே மறந்து ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், "அப்ப பிரான்சுக்குப் போவணுங்கறது உங்க ஆசையா, வேற யாரு ஆசையா?" இது உன் ஆசையா, வேறு யார் ஆசையா என்பதுதான் நீ கேட்கிற கடைசிக் கேள்வியாமே. அவன் சிரித்துக்கொண்டே, சத்தியமாகச் சொல்கிறேன் சிரித்துக்கொண்டேதான், "எனக்கென்னங்க பிரான்சு, அப்பா ஆசைங்க அது. உங்களுக்கு பிரெஞ்சு நாசியோனாலித்தே, அதாங்க குடியுரிமை, இருக்குல்ல, கட்டிக்கிட்டா எனக்கும் பாஸ்போர்ட் கெடைக்கும், பின்னாடியே தம்பிங்கள இழுத்துக்கலாம்னு கணக்கு" என்றான்.

உள்ளே அற்புதராஜ் லாரி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இருமினார். ஓகுஸ்தேன் எழுந்து நின்றுவிட்டார். நான் பயந்துபோனேன், சண்டைக்குப் போன மனிதர், கை ஓங்கிவிடுவாரோ என்று. ஆனால் சத்தமே போடவில்லை, "என் பொண்ணு என்ன, உங்க குடும்பத்துக்குக் கப்பல் டிக்கெட்டா?" என்று மட்டும் கேட்டார். சின்னப் பையன் ஏதோ உளறுகிறான் என்று அற்புதராஜ் சமாளித்துப் பார்த்தார், ஓகுஸ்தேன் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். பையன் மட்டும் தட்டில் இருந்த கேசரியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நல்லாருந்துச்சுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டான். இப்போது மேட்டில் ஐஸ் பேக்டரி போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறானாம், அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லையாம், ஊரில் கேள்வி. உன் பிள்ளைகள் கணக்கில் அவனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்.

மறுநாள் காலையில் ஓகுஸ்தேன் திரும்ப வந்தார். இந்தத் தடவை உன் அப்பா ஓடவில்லை, கூடவே உட்கார்ந்து மரியாதையாக மூட்டு வலி பேசினார். அப்புறம் ஓகுஸ்தேன், "மதாம், அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான். இந்தப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு இந்த வீட்டுல நான் எப்படித் தனியாக் கெடப்பேன்னு பயந்துகிட்டேதான் எல்லா ஏற்பாடும் பண்ணேன். எல்லாரும் அனுப்புறாங்களேன்னு நானும். கொலெத் சொன்னது அதத்தானே?" என்று கேட்டார். விளையாட்டுக்கு ஒரு பொய் சொன்னால் அதற்குள் போய் இந்த மனிதர் நிஜத்தை வைக்கிறாரே. "அதேதாங்க" என்றேன். நீ அதைத்தான் சொன்னாய், நினைவு வைத்துக்கொள், அவர் உன்னைப் பார்த்தால் கேட்பார், மாற்றிச் சொல்லி என்னை மாட்டிவிடாதே. பிறகு, இந்தப் படிப்புக்கு மேலே என்ன, வேலை கிடைக்குமா, லீவுக்கு வீட்டுக்கு வர விடுவார்களா என்று உன் அப்பாவையே விசாரித்தார், உன் அப்பாவும் காலேஜ் பிரின்சிபால் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், பாதி தப்பு. படிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் மொச்சை உரிக்க உட்கார்ந்தால், சாயங்காலம் ழனின் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரிக்கிறாள், முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. இனி என்னடி, மிஸ் சொன்னபடி எம்.ஏ. சேர வேண்டியதுதானே என்றேன். உரித்த மொச்சையை எல்லாம் தோலோடு கலந்துவிட்டு, "எனக்கு எம்.ஏ. வேணாம் தாந்த்" என்கிறாள். உன் ஆராய்ச்சிக்கு ஒரு வருஷமாக உதவி செய்கிறாளாமே. அர்த்தமே இல்லாத எழுத்துகளை வரிசையாகப் படிக்க வைத்து, யாருக்கு எத்தனை மறந்துபோகிறது என்று பார்ப்பாயே, எங்களையும் ஒரு லீவில் உட்கார வைத்து, உன் அப்பா நடுவில் தூங்கிப்போனாரே, அதேதான். அவளுக்கு அது பிடிக்கவே இல்லையாம். அவள் ஆசை வேறு, மெட்ராசிலேயே சோஷியல் வொர்க் படித்துவிட்டு மில்லில் லேபர் வெல்ஃபேர் ஆபீசராகப் போக வேண்டுமாம், தொழிலாளிகளுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று சண்டை தீர்க்கிற வேலையாமே. ஹாஸ்டலில் குளியலறைச் சண்டை முதல் கரண்டிச் சண்டை வரைக்கும் இவள்தான் பஞ்சாயத்தாம், "சண்ட நடக்குற எடத்துல நின்னா எனக்கு நேரம் போறதே தெரியல தாந்த்" என்கிறாள், சொல்லும்போது அந்த ஐஸ் பையன் முகம் மாதிரியே இருந்தது அவள் முகமும். அதை உங்கள் மிஸ்ஸிடம் சொன்னால் என்ன என்று கேட்டேன். நீ கேள்வி கேட்டாயாம், இவள் பதிலை யோசிப்பதற்குள் எம்.ஏ. விண்ணப்பப் பாரத்தை எடுத்து மேசையில் வைத்து, உனக்கு நானே சிபாரிசு எழுதுகிறேன் என்று அவ்வளவு ஆசையாகச் சொன்னாயாம். "அப்பாவ எதுத்துப் பேசிட்டேன் தாந்த். மிஸ்ஸ எதுத்து எப்படிப் பேசுறது?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் மொச்சை முறத்தோடு கவிழ்ந்துவிட்டது.

கோபப்படாதே, கண்ணு. நீ கேட்காமல் போயிருந்தால் இந்நேரம் அந்தப் பெண் நிச்சயதார்த்தப் புடவையில் நின்றிருப்பாள். உன் வேலையைத் தொடர்ந்து செய்ய ஒருத்தி கிடைத்தாள் என்று கிறிஸ்துமசுக்கு வந்தபோது நீ பூரித்துப்போய்ச் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை, அவள் போனால் உனக்குக் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கும், அதுவும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் இருக்கிற மற்ற பிள்ளைகளையும் முடிந்தால் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார், பாரம் எல்லாம் பூட்டி வைத்துவிட்டு. நானும் சும்மா இல்லை, நேற்று ராச்சாப்பாட்டின்போது உன் அப்பாவிடம் அந்தக் காலை வேலைக் கேள்வியைக் கேட்டேன், ரிட்டயரான ஆளைக் கேட்கிற கேள்வியா இது, குழம்பை ஊத்து என்கிறார்.

அவளே நாளை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறாள், இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போட்டால் புதன்கிழமை ஆகிவிடும். நீங்களே எழுதிடுங்க தாந்த் என்று அவள்தான் கேட்டாள், அதனால் உறையை ஒட்டவில்லை, பஸ்ஸிலேயே படித்திருப்பாள். கூடக் கொடுத்திருக்கிற எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு, துணிப்பையில் இறால் கருவாடு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதே, டப்பாவை ஈஸ்டருக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா, போன தடவை போன டப்பாவே இன்னும் வரவில்லை. விபூதிப் புதனன்று காலேஜ் என்று சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதே. வேளாங்கண்ணி மாதா உனக்கும் உன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் துணை இருக்கட்டும், அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார்.

இதை நீ படித்து முடிக்கிறவரைக்கும் அந்தப் பிள்ளை உன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டேதான் இருப்பாள், நீ சொல்லாமல் உட்கார மாட்டாள். உட்காரச் சொல்.

உன் அன்பு அம்மா,
மார்கெரித்