அரசியின் நெற்றிவரை ஏறிய புள்ளிகள்

அலை ஓயாத ஏழ்துறை நாட்டை ஆளும் அரசி ஆழிநங்கையாரின் அவையிலிருந்து, அமைச்சர் நக்கனார், மேகம் தங்கும் வெண்குன்ற நாட்டு வேந்தர், சொன்ன சொல் மாறாத பெருவில்லியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றுகளில் மழை பொழிக. தங்கள் யானைகள் நலமாக வாழ்க. தங்கள் மகனார் இளவரசர் வில்லாதன், கையில் பிடித்திருக்கும் வண்ணக் கோலைச் சற்று நேரம் கீழே வைப்பாராக.

மணம் பேசும் இரு வீட்டாரும் ஓவியம் மாற்றிக்கொள்வதும், சம்மதம் உள்ளவர் தமக்கு வந்த ஓவியத்தின் மரச்சட்டத்தில், கீழ்க்கட்டையின் நடுவே, தம் கையாலேயே புள்ளி வளையங்களால் ஆன ஒரு மண்டலம் இட்டுத் திருப்புவதும், சம்மதம் இல்லாதவர் வெறுஞ்சட்டமாகத் திருப்புவதும் இரு நாட்டுக்கும் பொது வழக்கம். மண்டலம் உள்ளங்கை அகலம் இருந்தால் போதும். அதற்கு மேல் எவரும் இட்டதில்லை.

நேற்று தங்கள் தூதர் காரியார் எம் அவைக்கு வந்து, அரசியாரின் ஓவியத்தை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். கீழ்க்கட்டையில் தொடங்கிய புள்ளிகள் வளையம் வளையமாகச் சட்டத்தைத் தாண்டி, முத்துமாலையைக் கடந்து, கழுத்தில் ஏறி, மோவாயைச் சுற்றி, இரு கன்னங்களையும் நிறைத்து, நெற்றிச்சுட்டியில் போய் நின்றிருந்தன. நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக அரசியார் மறைந்து போயிருந்தார். கண்கள் மட்டும் தப்பியிருந்தன.

படைத்தலைவர் இடும்பனார் எழுந்து, இது எம் அரசிக்கு அம்மை கண்டதாகப் பழிக்கும் படம் என்றும், யானைகளை இன்றே எல்லைக்கு நகர்த்த வேண்டும் என்றும் முழங்கினார். காரியார், இளவரசர் ஓவியத்தோடு கதவடைத்துக்கொண்டதையும், சோறு கொண்டுபோனவர்களிடமெல்லாம் இன்னும் ஒரே ஒரு வளையம்தான் என்று சொல்லிவந்ததையும் எடுத்துரைத்தார். அப்படியானால் இளவரசருக்குப் பித்தும் உண்டா என்று படைத்தலைவர் வினவினார்.

அரசியார் இருக்கையை விட்டு இறங்கினார். மூக்கு ஓவியப் பலகையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். வெளி வளையத்தில் விரல் வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே போனார். நடுவை நெருங்கிய ஒரு வளையத்தில் விரல் நின்றது. அங்கே இரண்டு புள்ளிகள், நெரிசலில் அகப்பட்டவை போல, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அதைக் கண்டதும் அரசியார் சிரித்தார். மணிமுடி நழுவும்வரை சிரித்தார். அதைப் படைத்தலைவரே பிடிக்க நேர்ந்தது.

பிறகு அவைக்கு விளக்கினார். வளையத்தை மூடும் இடத்தில் ஒரு புள்ளிக்கு இடம் போதாது; விட்டாலோ பல் விழுந்தது போல் தெரியும். இளவரசர் அங்கே அரைப்புள்ளி ஒன்றைத் திணித்திருக்கிறார். பார்ப்பவர் கண் அதில் விழாதிருக்க, வெளியே இன்னொரு வளையம் இட்டிருக்கிறார். அதுவும் சரியாக மூடவில்லை. அதை மறைக்க அடுத்தது. மறுக்க நினைத்தவர் வண்ணத்தையே தொட்டிருக்க மாட்டார். பழிக்க நினைத்தவர் கண்ணோரத்தில் இத்தனை கவனமாக ஒதுங்கிப் போயிருக்க மாட்டார்.

இவ்வளவும் அரசியாருக்கு எப்படித் தெரியும் என்று படைத்தலைவர் பணிவோடு கேட்டார்.

அரசியாரின் காது சிவந்தது. தோழியை அழைத்து, உள்ளறையிலிருந்து தங்கள் மகனாரின் ஓவியத்தைக் கொண்டுவரச் சொன்னார். வண்ணம் காயவில்லை, வண்ணம் காயவில்லை என்று சொல்லி, வேனில் தொடங்கியது முதல் எங்கள் எவர் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்த ஓவியம் அது. திரை விலகியது. இளவரசரின் மார்பில்லை, தோளில்லை, வாயில்லை. இடப்பக்க மீசை செம்மஞ்சள் வளையங்களுக்குள் மூழ்கிவிட்டது. வலப்பக்க மீசை மட்டும் துணையின்றி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில்தான் பயம் வந்து கோலைக் கீழே வைத்ததாக அரசியார் ஒப்புக்கொண்டார். அனுப்பினால் பழிப்பென்று மணம் முறியும், அனுப்பாவிட்டால் மறுப்பென்று முறியும் என்று எண்ணி, உறக்கமின்றிக் கிடந்தாராம்.

இரு ஓவியங்களையும் அருகருகே வைத்தோம். முதலில் சோதிடர் சிரித்தார். பிறகு நான். அவைக்காவலர்கள் தம் வேல்களைப் பிடித்துக்கொண்டு குலுங்கினர். படைத்தலைவர் நெடுநேரம் தாங்கினார். இறுதியில் தம் கேடயத்தை நீட்டி, இதில் உள்ளங்கை அகலம் மட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆகவே அரசியாரின் ஆணை இது. சம்மதம். இனி இரு நாட்டிலும் முகம் பார்க்க ஓவியம் இல்லாதபடியால், இளவரசர் நேரில் வருக. மீசையின் இரு பக்கத்தோடும் வருக. யானைகள் எல்லைக்கு வரும், வரவேற்க வரும். காரியார் பொன்னாடையும் இவ்வோலையும் மீசை ஓவியமும் பெற்றுத் திரும்புகிறார்.

முத்திரை முன்பே இட்டாயிற்று. அதைச் சுற்றி அரசியார் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். முதல் வளையம் அழகாக மூடியது. அடுத்தது மூடவில்லை. அதை மறைக்கும் வளையம் இவ்வரியை நெருங்கிவிட்டது. வாழ்த்துரைக்க இடமில்லை. விரைந்து வருக.