சிரிப்பு மட்டும் மிஞ்சிய கேசட்

அன்புள்ள வில்ஃப்,

நேற்று நான் வந்தது உனக்கு நினைவிருக்காது. நர்ஸ் படித்துக் காட்டட்டும் என்று எழுதுகிறேன். வழக்கம்போல் என்னைப் புது டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டினாய்.

சனிக்கிழமை ஸ்கார்பரோவில் பழைய டிவி நடிகர்களின் ரசிகர் கூட்டம். கையெழுத்துப் போட என்னையும் உட்கார்த்தியிருந்தார்கள். ஒரு அம்மாள் உற்றுப் பார்த்தார்.

"நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு எங்க வீட்டுக்காரர் அடிச்சுச் சொல்றாரு."

"அவர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

நாம் ஜோடியாக நடித்த நிகழ்ச்சிகளை அழித்து, அதே வீடியோ நாடாக்களில் டிவி நிலையத்தார் குதிரைப் பந்தயம் பதிந்துகொண்டார்கள் அல்லவா? இந்த அம்மாள் சிறுமியாக இருந்தபோது, டிவி முன்னால் மைக்கைப் பிடித்து நம்மைக் கேசட்டில் பதிந்திருக்கிறார். வாயே திறக்காமல், விழுந்து விழுந்தே சிரிக்க வைத்த நம் இருவரையும் ஒலியாக மட்டும் காப்பாற்றிய புண்ணியவதி. எனக்கு ஒரு பிரதி தந்தார்.

கேட்டால் என்னை அடையாளம் தெரியும் என்று நம்பி நேற்று உனக்குப் போட்டேன். தடால் என்று ஒரு சத்தம், பிறகு கூட்டத்தின் சிரிப்பு. மறுபடி தடால், இன்னும் பெரிய சிரிப்பு. நடுவில் அந்தச் சிறுமியின் அம்மா, "டீ ஆறுது, வாடி" என்கிறாள். நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

பிறகு என் கையைப் பிடித்தாய். "பிரமாதம் சார். அந்தப் பயலுக இப்ப எங்க இருக்கானுங்க?"

"ஒருத்தன் போய்ச் சேர்ந்துட்டான்னு பேச்சு."

"ஐயோ பாவம். இன்னொருத்தன் தனியா என்னதான் பண்ணுவான்?"

கடிதம் எழுதுவான், வில்ஃப்.

இப்படிக்கு,
உன் இடப்பக்கம் விழுந்தவன்