ஆளுக்கொரு துண்டு புத்தர்

மார்ச் 3, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்காமலே வரைய உட்கார்ந்துவிட்டேன். கண்காட்சிக்கான கடைசிப் படம் இன்னும் முடியவில்லை. விகாரையின் பின்சுவர், சம்மட்டி பட்ட வடுக்களோடு.

கலவரத்தில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து, அங்கிருந்த பெரிய புத்தர் சிலையைத் துண்டு துண்டாக்கிவிட்டுப் போனது. என் படங்களை விற்று வரும் பணத்தில் அதை மறுபடி ஒட்டி நிறுத்துவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்பவன் என் தம்பி. விளம்பரக் கம்பெனி வைத்திருப்பவன், எதை எடுத்தாலும் அமர்க்களம்தான். இந்த முறை நல்ல காரியத்துக்கு அமர்க்களம் பண்ணுகிறானே என்று பெருமையாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

விகாரைக்குப் போனேன். பசையம்மா தரையில் துணி விரித்து, உடைந்த கல்லையெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார். அருங்காட்சியகத்தில் உடைந்த சிலைகளை ஒட்டுவதுதான் அவர் உத்தியோகம், அதனால் அந்தப் பெயர். ஒரு துண்டை எடுப்பார், இன்னொன்றோடு சேர்த்துப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைப்பார்.

"பொருந்துற துண்டு கைக்கே தெரிஞ்சிடும்மா. அப்படியே போய் உக்காந்துக்கும்."

இன்று என் கண்முன்னே கீழுதட்டின் இரண்டு பாதிகள் சேர்ந்தன. கோடுகூடத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த துண்டைத் தேடப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

தம்பிக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறதாம். பெரிய தொகை கொடுத்துப் படம் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு கல் துண்டு, மரப்பீடத்தில் வைத்து, நினைவுப் பரிசாக! முதலில் விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

"சின்னச் சின்னத் துண்டுதான்க்கா. அத்தனை கல்லு கிடக்கு, நாலு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"டேய், அதை ஒட்டறதுக்குத்தானேடா காசு சேக்கறோம்!"

"காசு வந்தாத்தானே ஒட்டறது? சும்மா ஒரு படத்துக்கு யாருக்கா இவ்வளவு குடுப்பாங்க?"

சும்மா ஒரு படம்! வரைந்தவள் முகத்தைப் பார்த்தே சொல்கிறான். கண்காட்சிக் குழுவில் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்களாம். விகாரையின் பிக்குவும் சரி என்றாராம். அவரிடம் என்ன கேட்டார்கள்? "உதவி பண்றவங்களுக்கு நன்றியா ஏதாவது குடுக்கலாமா?" — இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். பூவோ பழமோ என்று நினைத்திருப்பார், பாவம்.

மார்ச் 15, ஞாயிறு

படங்களைத் தரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் நஷ்டம் சிலைக்குத்தான். தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

பசையம்மாவிடம் சொன்னேன். அவருக்கு விஷயமே தெரியாது. "காட்சிக்கு வைக்கணும்" என்று ஒரு பெட்டி நிறையத் துண்டுகளை எடுத்துப் போயிருக்கிறார்கள், இவரும் நம்பிக் கொடுத்திருக்கிறார். "யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா போதும்மா, அப்புறமா கேட்டு வாங்கிக்கலாம்" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். எனக்கும் அந்த நம்பிக்கைதான்.

மார்ச் 22, ஞாயிறு

திறப்பு விழா. கூடத்தில் நிற்க இடமில்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள், பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்த பீடங்களின் மேல், துண்டுகள். எல்லாம் ஆடாமல் அசையாமல், விறைப்பாக நின்றன. உடைந்த கல் எப்படி இவ்வளவு நேராக நிற்கும்?

ஒரு பெட்டியைத் திறந்து, கல்லை எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. பீடத்தில் அழகாக உட்கார வேண்டுமாம், மெஷினில் கொடுத்துத் தேய்த்துவிட்டார்கள்! ஒவ்வொரு துண்டையும்! அட பாவிகளா, அந்த உடைந்த விளிம்புதானே ஒட்டவேண்டிய இடம்!

மேடையில் தம்பி பாரம்பரியத்தைக் காப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். போய் மைக்கைப் பிடுங்கினேன். என்னென்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. "உடைச்சவனாவது ஒட்டற மாதிரி உடைச்சிட்டுப் போனான், நாம அதையும் கெடுத்துட்டோம்" என்றது நினைவிருக்கிறது. சிலர் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார்கள் போல!

தம்பி காதோரம் வந்து, "வீட்ல பேசிக்கலாம்க்கா, மானத்த வாங்காத" என்றான். யார் மானத்தை யார் வாங்கியது?

மார்ச் 23, திங்கள்

படங்கள் எல்லாம் விற்றுவிட்டனவாம். சந்தோஷப்பட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். "பல்லுக்கு மூடி போடறப்போ ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலே கடிக்க முடியாது. கல்லை அவ்வளவு தேச்சா எப்படிப் பொருந்தும்?" என்று பெருமூச்சு விட்டார். பிறகு, "ஆனா மைக்கைப் பிடுங்கினே பாரு, ஜோர்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது.

ஏப்ரல் 11, சனி

துண்டுகள் திரும்பி வருகின்றன. ஜவுளிக்கடை முதலாளி பீடத்தோடு விகாரைக்கே கொண்டுவந்து, "நீங்க பேசினதிலிருந்து அதைப் பாக்கவே கூசுதும்மா" என்றார். நல்ல மனுஷன். பசையம்மா அதை வாங்கிச் சிலையின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்புறம் கல்லைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தம்பி போன் பண்ணினான். நான் எடுக்கவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

தம்பியோடு இன்னும் பேச்சில்லை. பேசவும் தோன்றவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

சிலை எழுந்துவிட்டது. கன்னத்திலும் மார்பிலும் விரல் நுழைகிற அளவுக்குச் சந்துகள். சாந்து பூசி மறைத்துவிடலாம் என்றது குழு. முடியவே முடியாது என்றுவிட்டார் பசையம்மா. பார்க்கிறவர்கள் கேட்பார்கள், காரணம் சொல்லி ஒரு பலகை வையுங்கள் என்றார். வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"இச்சிலை இருமுறை சிதைக்கப்பட்டது. முதல்முறை ஒரு கும்பலால். இரண்டாம்முறை, கண்காட்சிக் குழுவால்." வேண்டுமென்றேதான் அப்படி எழுதிக் கொடுத்தேன். பலகை செய்தது தம்பியின் கம்பெனி.

இன்று போனேன். தூரத்திலிருந்து பார்க்கும்போதே கடைசி வரி குட்டையாகத் தெரிந்தது. மழுப்பிவிட்டான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டே போய்ப் படித்தேன். "கண்காட்சிக் குழுவால்" என்பதை எடுத்துவிட்டு "எங்களால்" என்று போட்டிருந்தான். அதன் கீழே தன் முழுப் பெயர்.

அவன் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

"எழுத்து சின்னதா இருக்காக்கா?"

"இல்லடா. படிக்க முடியுது" என்றேன்.